கட்டுக்கலையின் பச்சை வெளிச்சம்

“கண்டி மாநகர எல்லைக்குள்ள எந்தக் கொம்பனுக்கும் பயந்து என்ர வீட்டு லைற்றை நான் நூர்க்க மாட்டன்!”

இந்தப் பிரகடனத்தைப் பிரதம லிகிதர் நவரட்ணராஜா 1977ஆம் ஆண்டுக் கலவரம் அடங்கிய மறுமாதம், அலுவலகக் கன்ரீனில், ஒரு கையில் பிளேன்ரீயும் மறு கையில் கடித்த வடையுமாக நின்று வெளியிட்டார். பேச்சோடு வடைத்துகளும் கொஞ்சம் வெளிப்பட்டது. கேட்டவர்கள் சட்டையைத் தட்டிக்கொண்டு மெய்சிலிர்த்தார்கள்.

வெறும் வாய்வீச்சு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஆதாரம் உண்டு. அந்த ஆவணி இரவில் கட்டுக்கலையில் தமிழர் வீடுகள் எல்லாம் இருட்டில் ஒடுங்கிக் கிடந்தபோது, நவரட்ணராஜா வீட்டுச் சுவிச்சு மட்டும் அணைக்கப்படாமல் போட்டது போட்டபடியே இருந்தது. அன்று பின்னேரமே அந்தப் பகுதி முழுவதும் மின்சாரம் நின்றுபோயிருந்தது என்பது, வீரவரலாறு எழுதுவோர் அடிக்குறிப்பில் சேர்க்க வேண்டிய சிறு விவரம்.

“கரண்ட் இல்லாத லைற்றை நூர்க்காமல் விட்ட வீரன் உலகத்தில என்ர மனுசன் ஒருத்தர்தான்,” என்பாள் அவருடைய மனைவி இராசமணி. அவள் சிரிக்காமல் பகிடி விடுகிறவள்.

நவரட்ணராஜா இணுவிலில் பிறந்தவர். புகையிலையும் வெங்காயமும் செய்த குடும்பம். இருபத்திரண்டு வயதில் அரசாங்க உத்தியோகம் கிடைத்துக் கண்டிக்கு வந்தார். கடிதத்துக்குக் கீழே கையெழுத்து வைப்பதில் அவருக்கு நிகர் இல்லை. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் பழக்கமும் நாளடைவில் வந்தது. கல்யாணம் கட்டினார், கட்டுக்கலையில் வாடகைக்கு வீடு எடுத்தார். பிள்ளை இல்லை. அந்த விடயத்தில் இரண்டு கோயில்களும் மூன்று வைத்தியர்களும் தோற்ற பிறகு, அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

1982இல் அவருக்குப் பல்லில் குத்து வந்தது. வைத்தியரின் அறைக்கு வெளியே காத்திருந்தபோது, அட்டை கிழிந்த ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையைப் புரட்டினார். அதில் ஒரு படம். கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு காடு. தண்ணீருக்கடியில் செடிகள் பச்சையும் பழுப்புமாக அடர்ந்து நிற்க, நடுவில் மீன்கள் பேருந்துக்குக் காத்திருப்பவர்களைப் போலச் சும்மா நின்றன. நவரட்ணராஜா ஒரு பல்லைப் பிடுங்கக் கொடுத்துவிட்டு, எதையாவது நட்டே ஆக வேண்டும் என்ற வெறியோடு வெளியே வந்தார்.

சந்தைக்குப் பின்னால் ஒழுங்கையில் லாபிருக்கு மீன் கடை. சமைக்கிற மீன் அல்ல, பார்க்கிற மீன்.

“லாபிர், உயிருள்ள பாசி இருக்கோ?”

“பிளாஸ்டிக் பாசி ஈக்கிது ஐயா. சிங்கப்பூர்ச் சாமான். சாகாது, அழுகாது, உங்களோட கோவிக்காது.”

“எனக்கு வளருற பாசி வேணும்.”

“வளர்றதால வர்ற கரைச்சல் தெரியாதே உங்களுக்கு,” என்றார் லாபிர். ஏழு பிள்ளைகளின் வாப்பா அவர். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. அந்த வெட்கத்தில், நாலடித் தொட்டியைத் தானே வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார்.

தொட்டியை எங்கே வைப்பது என்பதில் தெரிவுக்கு இடமே இருக்கவில்லை. வீடு மலைச்சரிவில் இருந்தது. பின்னறைகளுக்கெல்லாம் பலகைத் தளம். தண்ணீர் நிறைந்த தொட்டியை அங்கே வைத்தால், அது கீழ்வீட்டுச் சிங்கள ஆசிரியரின் சாப்பாட்டு மேசையில்தான் போய் நிற்கும். சீமெந்துத் தரை உள்ளது முன்னறைக்கு மட்டும். அந்த முன்னறைச் சன்னலுக்கு நேரே பெருந்தெரு. ஆகவே தொட்டி சன்னலடியில் அமர்ந்தது.

செடி தேடி நவரட்ணராஜா ஞாயிற்றுக்கிழமை ஹேவாஹெட்ட பஸ் ஏறினார். தேயிலைத் தோட்டத்து ஓடையில், கல்லிடுக்குகளில், தண்ணீருக்குள்ளேயே இலை விரித்து ஒரு செடி நின்றது. காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு பிரதம லிகிதர் ஓடையில் இறங்கினார். அட்டைகள் அவரை உரிய மரியாதையோடு வரவேற்றன. துணி துவைத்துக்கொண்டிருந்த பேச்சியம்மா என்ற தோட்டத்துப் பெண் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

“ஏங்கய்யா, இத மாடுகூடத் திங்காதுங்களே. என்னாத்துக்குப் புடுங்குறீங்க?”

“வீட்டில வளர்க்க.”

“வீட்டுல வளக்க வேற ஒண்ணும் கெடைக்கலீங்களா?”

கேட்டவள் சிரித்துவிட்டுத் துணியைக் கல்லில் அடித்தாள். நவரட்ணராஜா கூடையைத் தூக்கிக்கொண்டு கரையேறினார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

இனி வருவது இணுவில் மண்ணில் பிறந்தவர் ஒருவரால் மட்டுமே செய்யக்கூடிய காரியம். பயிர் என்றால் அடிப்பசளை, புகையிலை என்றால் பச்சைக் குழையை மண்ணுக்குள் தாழ்க்க வேண்டும். இது அவர் பரம்பரையில் மூச்சு விடுவதைப் போன்ற சங்கதி. மீன்தொட்டியும் ஒரு தோட்டம்தானே? தேயிலைக்கு நிழலுக்கு நிற்கும் கிளிசறியா மரத்தில் குழை முறித்து, தொட்டியின் அடியில் பரப்பினார். அதன்மேல் இரண்டு பேணி ஆட்டெரு. அதன்மேல் கழுவிய ஆற்றுமணல். இராசமணி முள் எடுக்க வைத்திருந்த சாமணத்தால் செடிகளை வரிசை பிடித்து நட்டார். வரிசைக்கு வரிசை இடைவெளி புகையிலைக் கணக்கு. தண்ணீர் ஊற்றி, லாபிர் கொடுத்த கப்பி மீன்களை இறக்கினார்.

மறுநாள் மணலுக்குள்ளிருந்து குமிழி கிளம்பியது. அதற்கடுத்த நாள் தண்ணீர் தேநீர் நிறமானது. பிறகு வீட்டில் ஒரு நாற்றம் குடியேறியது. கப்பிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து வயிற்றைக் காட்டின.

லாபிர் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். “இது மீன் தொட்டியா ஐயா, பொயிலைத் தோட்டமா?”

“பசளை போடாமல் எந்தப் பயிர் வளரும்?”

“மீன் குடிக்கிற தண்ணியில ஆட்டுப் புழுக்கை போட்ட மொத மனிசன் நீங்கதான். அதுங்க மவுத்தானது நஞ்சில இல்ல, ரோசத்துல.”

எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டினார்கள். கீழ்வீட்டு ஆசிரியரின் வாழைக்கு அந்த வருடம் நல்ல குலை விழுந்தது. இரண்டாம் முறை வெறும் மணல், ஓடையிலிருந்தே ஒரு கூடை வண்டல். நட்ட செடிகளின் இலைகள் முதலில் கரைந்து கூழாகின. நவரட்ணராஜா சாப்பிடாமல் இருந்து பார்த்தார். பிறகு அடியிலிருந்து சுருள் சுருளாகப் புது இலை வந்தது. லாபிர் வேறு கப்பிகள் கொண்டுவந்து விட்டார். வெளிச்சம் வேண்டுமென்று பலகையில் ரியூப் லைற் ஒன்றைப் பூட்டித் தொட்டிமேல் வைத்தார். பொழுது படும்போது போட்டால் படுக்கப் போகும்போதுதான் நூர்ப்பார். சன்னலெல்லாம் பச்சையாகி, பேராதனைப் பக்கம் போகிற பஸ்களில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள். அதற்காகவே அவர் திரைச்சீலையை ஒதுக்கி விட்டார்.

இராசமணியும் தன் கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் போட்டாள். கீரை ஆய்ந்தபடி பார்ப்பாள். “உந்தப் பெரிய வால்காரன் உங்களைப் போல. ஒரு வேலையும் இல்லை, சும்மா மிதப்பு,” என்பாள். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் அதுதான்.

1983 ஆடி மாதம் வடக்கிலிருந்து வந்த செய்திகள் நல்லவையாக இல்லை. இராசமணி தெருவில் போகிறவர்களின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கத் தொடங்கினாள்.

“இஞ்சேருங்கோ, உந்த லைற்றை நூருங்கோ. தமிழன் வீடு எது எண்டு தேடி வாறவனுக்கு உது வழி காட்டும்.”

“பாசிக்கு வெளிச்சம் வேணுமப்பா. ஒளித்தொகுப்பு எண்டு ஒண்டிருக்கு...”

“உங்கட பாசிக்கு வெளிச்சம் வேணும். எனக்கு இருட்டு வேணும். எது பெரிசு எண்டு நீங்களே சொல்லுங்கோ.”

நவரட்ணராஜா மீனுக்கு இரை தூவினார். கன்ரீனில் சொன்னதை அவர் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். தனியாகச் சொன்ன வாக்கென்றால் அவர் தோற்றுவிடலாம். கேட்டவர்கள் பலர் இருந்தார்கள்.

அந்த மாதக் கடைசி வாரத்தில் ஒரு நாள், பட்டணத்தின் மேல் கறுப்புப் புகை எழுந்தது. பின்னேரம் லாபிர் வாடகை வான் வண்டியோடு வந்து வாசலில் நின்றார்.

“ஏறுங்க ஐயா. அம்மாவும் ஏறுங்க. பொட்டி சட்டி ஒண்டும் வேணாம். எங்கட ஊட்டுக்குப் போவம்.”

இராசமணி நெற்றிப் பொட்டை அழித்துக்கொண்டு ஏறினாள். நவரட்ணராஜா கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லி உள்ளே திரும்பினார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. பொழுது படுமுன்பே தொட்டி லைற்றைப் போட்டுவிட்டு வந்து வண்டியில் ஏறினார். வீடு எரிந்தாலும் வாக்கு எரியக் கூடாது என்பது அவருடைய நிலைப்பாடு.

ஊரடங்கு தளர்ந்து திரும்பி வந்தபோது, வீடு இருந்தது. மற்றச் சன்னல்கள் எல்லாம் அப்படியே இருந்தன. முன்னறைச் சன்னலில் மட்டும் கண்ணாடி இல்லை. ரியூப் லைற் தூள். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய ஒரு கருங்கல், சன்னலால் வந்து தொட்டிக்குள் இறங்கி, செடிகளின் நடுவே மணலில் அமர்ந்திருந்தது. தொட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு கப்பிகள் அந்தக் கல்லின் மறைவில் குடியிருந்தன.

“கல்லு நல்ல எடத்துலதான் விழுந்தீக்கிது,” என்றார் லாபிர். சிரிக்கத்தான் சொன்னார்.

“வெளிச்சம் இருந்த சன்னலுக்குத்தானே எறிஞ்சவங்கள்,” என்றாள் இராசமணி.

சட்டப்படி பார்த்தால் பிரகடனத்துக்குப் பங்கம் எதுவும் நேரவில்லை. லைற்றை அணைத்தவர் நவரட்ணராஜா அல்லர். இந்த நுணுக்கத்தை அவர் கன்ரீனில் விளக்கினார். கேட்பதற்கு ஆட்கள் குறைந்திருந்தார்கள். சிலர் மாற்றம் கேட்டு யாழ்ப்பாணம் போயிருந்தார்கள், சிலர் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. இருந்தவர்கள் தேநீரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்கள்.

சன்னலுக்குக் கீழ்வீட்டு ஆசிரியர் புதுக் கண்ணாடி பிடித்து வந்து தானே பூட்டிக் கொடுத்தார். லாபிர் வேறு ரியூப் தேடிக் கொடுத்தார். இருட்டில் கிடந்த செடிகள் மறுபடி கரைந்து குச்சியாகியிருந்தன. இப்போது வெளிச்சம் முன்னைவிட அதிகம் தேவை என்றார் நவரட்ணராஜா. அது உண்மையும்கூட.

இராசமணி சண்டை பிடிக்கவில்லை. பொழுது படும், அவர் சுவிச்சைப் போடுவார். அவள் எழும்புவாள், செருப்பைப் போடுவாள், பிறப்புச் சான்றிதழ்களும் தாலிக்கொடியும் வைத்த கைப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போவாள். அங்கே பின்கதவோடு ஒட்டிய வாங்குப் பலகையில், இருட்டில் இருப்பாள். அவர் லைற்றை நூர்த்துப் படுக்கப் போகும்போதுதான் எழும்பி வருவாள். தொட்டிக்கு முன்னால் அவளுடைய கதிரை சும்மா கிடந்தது.

ஒருமுறை மட்டும் வாங்கில் இருந்தபடியே கேட்டாள். “நான் உங்களிட்ட வேற ஒண்டும் கேக்கேல்லை. யாழ்ப்பாணம் போவம் எண்டுகூடக் கேக்கேல்லை. என்னோட இருட்டுக்குள்ள கொஞ்சம் இருங்கோ எண்டுதான் கேக்கிறன்.”

“இலை வரட்டும். வந்தால் பிறகு பாப்பம்.”

இலை வந்தது. தை மாதத்தில் செடிகள் கல்லைச் சுற்றி அடர்ந்து, சஞ்சிகைப் படத்தைத் தோற்கடித்தன. ஒரு நாள் பின்னேரம் இலைகளுக்கிடையில் இமைமயிர் அளவில் ஏதோ அசைந்தது. நவரட்ணராஜா முழங்காலில் நின்று பார்த்தார்.

“இஞ்சரும்! ஓடி வாரும்! குஞ்சு போட்டிருக்கு!”

“இஞ்சயிருந்தே தெரியுது,” என்றது குசினி.

குசினியிலிருந்து தொட்டி தெரியாது. அவர் தனியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீருக்குள் எல்லாம் சரியாக இருந்தது. மீன், குஞ்சு, இலை, வெளிச்சம். சொல்வதற்கு ஆளில்லை.

பங்குனியில் கீழ்வீட்டு ஆசிரியரின் மகனுக்குக் கல்யாணம். அழைப்பிதழைக் கொண்டுவந்து கொடுத்து, கல்யாணத்துக்கு மறுநாள் விருந்துக்கு இரண்டு பேரும் கட்டாயம் வர வேண்டும் என்று ஆசிரியர் இராசமணியிடமும் சொல்லிவிட்டுப் போனார். மணமக்கள் எப்போது வீடு வருவார்கள், வெடி எப்போது கொளுத்துவார்கள் என்பதுகூட நவரட்ணராஜாவுக்குத் தெரியும். பந்தல் போடக் கல்யாணத்தன்று காலை ஏணி கொடுத்தவரே அவர்தான்.

பொழுது பட்டது. சுவிச்சைப் போட்டார். இராசமணி செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். அவர் கையைத் தண்ணீருக்குள் விட்டு, பழுத்த இலைகளைச் சாமணத்தால் கிள்ளிக்கொண்டிருந்தார். தெருவில் கார்கள் வந்து நின்றன. ஆண்கள் பலர் ஒன்றாகக் கத்திச் சிரிக்கும் சத்தம் கேட்டது. காலடிகள் வீட்டை ஒட்டிய சரிவில் இறங்கின. பிறகு வெடி வெடித்தது.

கல்யாண வெடிதான். அவருக்கு நன்றாகத் தெரியும். சீனவெடி, நீளச் சரம்.

அவர் சாமணத்தைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, ஈரக் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். சுவிச்சை நூர்த்தார். திரைச்சீலையை இழுத்து மூடினார். சுவரைத் தடவித் தடவிப் பலகைத் தளத்தில் நடந்து குசினிக்குப் போனார்.

இராசமணி கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வாங்கில் அவருக்கு இடம் விட்டுச் சற்றே தள்ளி இருந்தாள்.