ஷியோக் ஆற்றில் மூன்றாம் நாள்

கடலுக்குப் பயந்து மகனை மலைக்கு அனுப்பியவர் கிளிட்டஸ். அனுப்பியவர் மட்டும் கடலை விடவில்லை. குமரி மாவட்டத்துக் கடற்கரையில் பிறந்து, அப்பாவையும் அண்ணனையும் ஒரே புயலுக்குக் கொடுத்து, இனி தண்ணீரில் கால் வைப்பதில்லை என்று மாதா முன்னால் சத்தியம் பண்ணிவிட்டு அமீரகத்துப் புஜைராவுக்கு வந்தவர், அங்கே துறைமுகத்தில் மூரிங் படகு ஓட்டுகிறார். எண்ணெய்க் கப்பல் வந்தால் அதன் வடக்கயிற்றை வாங்கிக்கொண்டுபோய்க் கரையில் கட்டக் கொடுக்கும் வேலை. சத்தியம் ஊர்க் கடலுக்கு மட்டும்தான் என்பது அவர் கட்சி.

படகில் அவருக்குத் துணை குலாம் மெஹ்தி. பாகிஸ்தான் வசம் இருக்கும் பல்திஸ்தானில் ஒரு மலைக் கிராமத்துக்காரர். நீந்தத் தெரியாது. சாப்பிடும்போதுகூட லைஃப் ஜாக்கெட்டைக் கழற்ற மாட்டார். கிளிட்டஸுக்கும் தினம் ஒன்றை நீட்டுவார்; கிளிட்டஸ் வாங்கியதில்லை.

"பாய், சால்னா அவ்வளவு ஆழமில்ல" என்பார் கிளிட்டஸ், தன் உடைந்த இந்தியில்.

"நீ ஓட்டுற படகுல உக்காந்திருக்கேனே, அதுக்குத்தான்" என்பார் மெஹ்தி.

மகன் ஆன்றோ பிளஸ் டூ முடித்ததும் கிளிட்டஸ் அவனை ராணுவத்தில் சேர வைத்தார். லடாக்கில் போஸ்டிங் என்று தெரிந்த அன்று கேம்ப் முழுக்க அல்வா கொடுத்தார். கடல் மட்டத்திலிருந்து எத்தனை ஆயிரம் அடி உயரம் என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். மழைகூடப் பெய்யாத ஊராம். அங்கே ஓர் ஆறு இருப்பதை மெஹ்திதான் சொன்னார்.

"ஷியோக்கா? அது எங்க ஆறாச்சே."

"உங்க ஆறா? அது இந்தியா பாய்."

"மேல இந்தியா. கீழ என் தம்பி வீடு. உன் பையன் பல் தேய்ச்சுத் துப்புற தண்ணியிலதான் என் தம்பி டீ போடுறான்."

பனிமலையில் பிறந்து, லடாக் வழியாக வந்து, எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி, பல்திஸ்தானுக்குள் சிந்துவில் சேர்கிற ஆறு அது. இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு காவல் நிற்கிற அந்த எல்லையைக் கோடையில் மரக்கட்டைகள் தினமும் தாண்டுகின்றன. மெஹ்தியின் தம்பி உசேன் தன் ஊர் வளைவில் நின்று, நீண்ட கம்பில் கொக்கி மாட்டி, அவற்றை இழுத்துக் கரையேற்றுவார். குளிர்காலத்து அடுப்புக்கு வேறு விறகு கிடையாது. இந்திய மரம் நன்றாக எரிகிறதா என்று கிளிட்டஸ் கேட்பார். புகைதான் அதிகம் என்பார் மெஹ்தி. இப்படி இரண்டு பேரும் வாரத்துக்கு ஒருமுறை காஷ்மீருக்காகச் சண்டை போட்டு, மறுநாள் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

ஜூலையில் ஆறு பெருகியிருந்தபோது பாதை இடிந்து ஒரு ராணுவ லாரி உள்ளே போனது. மற்றவர்களை எடுத்துவிட்டார்கள். ஆன்றோ கிடைக்கவில்லை. லாரியில் இருந்தவர்களில் கடலில் நீந்தி வளர்ந்தவன் அவன் ஒருவன்தான். உருகிய பனியில் நீச்சல் தெரிவதும் தெரியாததும் ஒன்றுதான் போலிருக்கிறது.

ஊருக்குப் போ என்றார்கள் எல்லோரும். லீவும் கிடைத்தது. கிளிட்டஸ் போகவில்லை.

"ஊர்ல போயி நான் என்ன செய்ய? ஆத்துக்க கீழ்ப்பக்கம் மெஹ்திக்க ஊர்லல்லா கெடக்கு" என்றார்.

ஊரில் அவர் மனைவி தங்கபுஷ்பம் துக்கப் பூசைக்குச் சம்மதிக்கவில்லை. உடம்பைக் காணாமல் பூசை வைத்தால் அவனை நாமே கொன்றது மாதிரி என்றாள். மகனைத் தேடி எடுத்து மண்ணில் வைக்க வேண்டும். கிளிட்டஸுக்கு அதற்கு மேல் உலகத்தில் வேறு வேலை இருக்கவில்லை.

மெஹ்தி தம்பிக்குப் போன் போட்டார். உசேன் மரக்கட்டையை விட்டுவிட்டு ஆள் மிதந்து வருகிறதா என்று பார்த்து நின்றார். கிடைத்தால் பக்கத்து ராணுவச் சாவடியில் சொல்லிவிடுவதாகவும், அவர்கள் எல்லைக் கோட்டருகே கொண்டுவந்து ஒப்படைப்பார்கள் என்றும் சொன்னார்.

"மூணாம் நாள் நல்லாப் பாக்கச் சொல்லு பாய்" என்றார் கிளிட்டஸ். "மூணாம் நாள் மேல வருவான்."

அது கடற்கரைக் கணக்கு. கடல் எடுத்தவனை மூன்றாம் நாள் மிதக்க விடும். அன்று ஊரே வள்ளம் இறக்கித் தேடும். ஒரு வாரம் போனால் தேட மாட்டார்கள். மீன் எதையும் மிச்சம் வைக்காது. மூன்றாம் நாள் போனது. உசேன் இன்னும் சில நாள் நின்றார். வாரம் முடிந்ததும் கிளிட்டஸ் மெஹ்தியிடம், "கலாஸ் பாய், முடிஞ்சுது. தம்பிய வீட்டுக்குப் போகச் சொல்லு. இனி வராது" என்றார்.

மெஹ்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் ஊர் ஆறு அவசரப்படாது. குளிர்ந்த தண்ணீர் ஆளை அடியிலேயே வைத்திருக்கும், வெள்ளம் வடிந்தால்தான் தரும். ஆனால் தண்ணீரைப் பற்றிக் கிளிட்டஸுக்குப் பாடம் சொல்ல, நீந்தத் தெரியாத அவர் யார்? பேசாமல் போன் செய்தார். உசேன் தோட்டத்தில் ஆப்ரிகாட் பறிக்கப் போனார்.

துறைமுக ஆபீசில் இருந்த சேதுமாதவன் நல்ல மனிதர், பூகோளம் தெரிந்தவர். ஆறுதல் சொல்லவேண்டும் என்று வரைபடத்தோடு வந்தார். ஷியோக் சிந்துவில் சேருகிறது, சிந்து அரபிக்கடலில் சேருகிறது, அந்தத் தண்ணீர்தான் இங்கேயும் உங்கள் ஊரிலும் இருக்கிறது என்றார்.

"தண்ணி வரும் சார்" என்றார் கிளிட்டஸ். அதன் பிறகு சேதுமாதவன் அந்த வரைபடத்தை வெளியே எடுக்கவில்லை.

அக்டோபரில் ஷியோக் வடிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மெஹ்தி படகில் உட்கார்ந்து போனை நீட்டினார். படத்தில் சின்னச் சதுரத் துணி ஒன்று, சாயம் வெளுத்து, பச்சை நைலான் கயிற்றில் கோத்தபடி கிடந்தது. உத்திரியம். கடற்கரைக் கத்தோலிக்கர்கள் தண்ணீரில் சாகாமல் இருக்கக் கழுத்தில் போட்டுக்கொள்வது. பருத்திக் கயிறு இற்றுப்போகும் என்று தங்கபுஷ்பம் வலை நூலில் கோத்துக் கொடுத்தது.

உசேனின் ஊருக்குக் கீழே, ஆற்றோரத்து இன்னொரு கிராமத்தில் ஆன்றோ கரை ஒதுங்கியிருந்தான். சீருடையை ஆறு கழற்றிக்கொண்டது, நூலை விட்டுவிட்டது. மாதா படம் அழிந்த துணியைத் தாயத்து என்று நினைத்து, யாரோ ஒரு முஸ்லிம் பையன் என்று அங்கேயே தொழுகை நடத்தி அடக்கிவிட்டார்கள். உசேன் சந்தையில் கேள்விப்பட்டுப் போனபோது மண் காய்ந்திருந்தது.

"குளிப்பாட்டினவங்களுக்குத் தெரியாம இருக்காது, நம்ம ஆள் இல்லேன்னு" என்றார் மெஹ்தி. "இமாம் சொன்னாராம், கழுத்துல தாயத்து இருக்கு, அது போதும்னு." பிறகு கிளிட்டஸைப் பார்த்து, "நீ அப்பா. சொல்லு. தோண்டி எடுக்கணும்னா என் தம்பி போய்ச் சாவடியில சொல்லுவான். அடக்கினவங்களை விசாரிப்பாங்க. பரவாயில்ல. சொல்லு."

கிளிட்டஸ் தங்கபுஷ்பத்துக்குப் போன் போட்டார். எல்லாவற்றையும் சொன்னார்.

"கேட்டியளா, பிள்ளைய ஆரு குளிப்பாட்டுனா?"

"அங்கத்த ஆளுவ."

"பச்சத்தண்ணியிலயா?"

கிளிட்டஸ் மெஹ்தியிடம் கேட்டார். மெஹ்தி தம்பியிடம் கேட்டுச் சொன்னார். எங்க ஊர்க் குளிருல எந்த மய்யத்தையும் பச்சைத் தண்ணியில குளிப்பாட்ட மாட்டோம், ஆத்துக் கட்டையப் போட்டுச் சூடு பண்ணித்தான்.

"வெந்நியிலயாம்" என்றார் கிளிட்டஸ்.

நெடுநேரம் அவள் அழுவது மட்டும் கேட்டது. பிறகு, "அப்பம் அவன் அங்கயே கெடக்கட்டு. இனி ஒருக்காத் தோண்டிக் குளுருல போடாண்டாம். நான் சாமியார்ட்ட பூசைக்குச் சொல்லுதேன். அந்த நூல மட்டும் தலமாட்டுக் கல்லுல கெட்டச் சொல்லுங்க."

"செரி."

"ஏன், உங்க கூட்டாளிக்க தம்பி பாத்துக்கிட்டு நிக்கியாருன்னு சொன்னிய? அவரு கையில கெடச்சிருந்தா வீட்டுக்கு வந்திருப்பானே."

கிளிட்டஸ் தண்ணீரைப் பார்த்தார்.

"அவரு பழம் பறிக்கப் போயிட்டாரு" என்றார்.

"அவுகளுக்கும் சோலி இருக்குமில்லா" என்றாள் தங்கபுஷ்பம். "குத்தம் சொல்லக் கூடாது."

போனை வைத்ததும் மெஹ்தி கேட்டார், "அண்ணி என்ன சொல்றாங்க? என் தம்பி பேர்ல கோபமா?"

"இல்ல பாய். உன் தம்பிக்கு நன்றி சொன்னா."

மெஹ்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே அதைத் தம்பிக்குச் சொல்லப் போனை எடுத்தார். வெளியே ஒரு கப்பல் கயிறு இறக்கக் காத்திருந்தது. கிளிட்டஸ் இன்ஜினை முடுக்கினார். அன்றைக்குத்தான் முதல்முறையாக, மெஹ்தி நீட்டாமலே, அவரும் ஒரு லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.