நான்காம் தட்டு

மே 14. எங்கள் குடியிருப்போர் சங்கம் எனக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது. நாள்தோறும் பிற்பகல் 3.10 முதல் 5.40 வரை என் வீட்டு மேல்மாடியில் கீபோர்டு வாசிக்கப்படுகிறதாம். அக்கம்பக்கத்தார் கண்ணயர முடியவில்லையாம். உடனே நிறுத்த வேண்டுமாம். நான்கு வரிக் கடிதத்தில் ஐந்து ஒற்றுப்பிழைகள். முப்பத்து நான்கு ஆண்டுகள் இலக்கணம் கற்பித்தவன் நான். அவற்றைச் சிவப்பு மையால் திருத்திவிட்டேன். பிழைகளை மன்னிக்கலாம். குற்றச்சாட்டை மன்னிக்க இயலாது. எனக்குக் கீபோர்டு வாசிக்கத் தெரியாது. என் வீட்டில் இப்போது கீபோர்டே இல்லை.

ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நேரங்கள் யாவும் என் கைக்கடிகாரத்தில் பார்த்தவை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது.

மேல்மாடியில் வாசித்தவன் என் மைத்துனன், என் மனைவியின் தம்பி. பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவன். தனி ஆள், எங்களோடுதான் இருந்தான். ஓய்வூதியம் வந்த முதல் மாதமே ஒரு கீபோர்டு வாங்கினான். இடக்கையால் கட்டையை அழுத்தினால் கருவியே தாளமும், பேஸ் என்கிற அடிக்குரல் இசையும் சேர்த்து முழங்கும் வகை அது. அவனோ கருவியின் பேஸை அணைத்துவிட்டு, "பேஸை நான் வாசிக்கிறேன், அது தாளம் மட்டும் போடட்டும்" என்றான். அதற்கு மேல் தனக்குத் தானே ஒரு கட்டுப்பாடும் விதித்துக்கொண்டான். கருவியில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திவிட்டால், இடக்கை விரல் கட்டையில் இருக்கும் வரைதான் தாளம் ஓடும். விரலை எடுத்தால் அந்தக் கணமே நிற்கும். ஒரு விரல் எழுமுன் அடுத்த விரல் இறங்கியாக வேண்டும்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கை இருந்தால் தாளம். கை இல்லையென்றால் இல்லை.

என் சாய்வு நாற்காலி அவனுடைய ஸ்டூலுக்கு நேர் கீழே. மேலே பலகைத் தளம். எனக்கு வாசிக்கத் தெரியாதே தவிர, எண்ணத் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் நான்காம் தட்டில் அவன் முந்திக்கொள்வான். நான் கூரையைப் பார்த்துக் கத்துவேன்.

"நாலாவது தட்டுல உனக்கு என்னடா அவசரம்? பஸ் கிளம்பிடுமா?"

"டிரைவர் நானே இங்க உட்கார்ந்திருக்கேன், பஸ் எப்படி அத்தான் கிளம்பும்?"

மாலையில் கீழே இறங்கி வந்து, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி கேட்பான்.

"இன்னைக்காவது சரியா வந்துச்சா அத்தான்?"

"இல்லை."

"ஒரு சுற்றாவது?"

"அரைச் சுற்று கூட இல்லை."

என் மனைவி அடுக்களையிலிருந்து முறைப்பாள். "ஒரு தடவை நல்லா இருக்குன்னு சொன்னா உங்க வாய் தேய்ஞ்சிடுமா?" தவற்றைச் சரி என்று சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. இரண்டு ஆண்டுகளாக ஒரு நாளும் சொல்லவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. மனைவி தன் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தாள். உண்டு முடித்து, 2.25-க்கு அவன் மாடியேறினான். 2.30-க்குத் தொடங்கினான். வழக்கம்போல நான்காம் தட்டில் முந்தினான். கத்தினேன். "சரி அத்தான்!" என்று மேலிருந்து குரல் வந்தது. கிளட்ச் மிதித்துப் பழகிய இடக்கால் தாளத்துக்குத் தக்கபடி பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது.

2.50. தாளம் சட்டென்று நின்றது. பின்பு ஏதோ உருண்டு விழுந்தாற்போல் ஓர் ஓசை. ஸ்டூலை நகர்த்துகிறான் என்று எண்ணினேன். செய்தித்தாளைப் புரட்டினேன்.

3.10. மீண்டும் தாளம். மீண்டும் பேஸ்.

இம்முறை அவன் முந்தவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று… நான்கு. துல்லியமாக விழுந்தது. நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டேன். இருபது சுற்றுகள் எண்ணினேன். ஒன்றில்கூடப் பிசகில்லை.

3.25. என்னையும் அறியாமல் கத்தினேன்.

"இப்பதான்டா சரியா வருது! நிறுத்தாதே!"

"சரி அத்தான்" வரவில்லை. வாசிப்பில் மூழ்கிவிட்டான் என்று நினைத்தேன்.

நிறுத்தவும் இல்லை. தண்ணீர் குடிக்க எழவில்லை. இருமவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நெட்டி முறிப்பவன், ஒரு மணி நேரம் ஒரே கோவையைத் திரும்பத் திரும்ப வாசித்தான்.

4.20. அப்போதுதான் கவனித்தேன். கால் தட்டவில்லை. பலகைத் தளத்தில் அந்தக் குதிகால் ஓசை இல்லை… 3.10 முதலே இல்லை.

4.35. என் தலைக்கு மேல் ஓடிய மின்விசிறி தளர்ந்து, சுழன்று, நின்றது. மின்சாரம் போய்விட்டது.

மேலே நிற்கவில்லை.

அந்தக் கருவி மின்கலத்தில் ஓடுவது அன்று. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை என்று எழுதினால் அது பொய். உறைத்தது. ஆனாலும் நாற்காலியை விட்டு எழவில்லை.

5.35. மனைவி வந்தாள். சுவிட்சைத் தட்டிப் பார்த்தாள்.

"கரண்ட் எப்ப போச்சு?"

"நாலு முப்பத்தைந்துக்கு."

அவள் கூரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்போ மேல… எப்படி?"

பதினாறு படிகள். நான் முன்னால். அவள் என் சட்டையைப் பிடித்தபடி பின்னால். கதவுக்கு அப்பால் ஒன்று, இரண்டு, மூன்று…

5.40. கதவைத் திறந்தேன்.

அவன் சன்னலோரம் குப்புறக் கிடந்தான். கீபோர்டு அங்கிருந்து எட்டடி தொலைவில் இருந்தது. அதில் ஒரு விளக்கும் எரியவில்லை.

இடப்பக்கக் கட்டைகள் இறங்கின. ஏறின. இறங்கின. அவசரமே இல்லாமல்.

ஸ்டூலில் யாரும் இல்லை.

நான்காம் தட்டு விழுந்தது. அந்தக் கட்டை அழுந்தியபடியே நின்றது…

பிறகு மெல்ல எழுந்தது.

தாளம் நின்றது.

யாரோ கையை எடுத்தார்கள்.

தொட்டேன். சில்லிட்டிருந்தான்.

மருத்துவர் 6.05-க்கு வந்தார். மனைவி அழுதுகொண்டே என்னைப் பார்த்துக் கேட்டாள்: "கேட்டுக்கிட்டே உட்கார்ந்திருந்தீங்களே, ஒரு தடவை மேல போய்ப் பார்த்தீங்களா?" மருத்துவர் அவன் தாடையையும் கழுத்தையும் தொட்டுப் பார்த்தார். "அம்மா, இவர் இறந்து மூணு மணி நேரமாவது ஆகியிருக்கும். விழுந்தவுடனே போயிருப்பார். சார் மேல வந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது" என்றார். அந்தப் பழியிலிருந்து விடுபட்டேன் என்று ஒரு கணம் மூச்சு விட்டேன். ஆனால் நான் கூரையைப் பார்த்துக் கத்தியதை அக்கம்பக்கத்தில் யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அப்போ மூணு இருபத்தைந்துக்கு நீங்க யாரை நிறுத்தாதேன்னு சொன்னீங்க?"

அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

பத்தாம் நாள் கீபோர்டை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டோம். மேல் அறையில் ஒரு மேசையும் ஸ்டூலும் மட்டுமே இருக்கின்றன. முடிந்தது என்றிருந்தேன். இந்தக் கடிதம் வரும் வரை.

3.10 முதல் 5.40 வரை. அந்த நேரங்களை நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. சத்தம்தான் தொந்தரவு. மத்தபடி வாசிப்பு படு சுத்தம். நாலாவது தட்டு என்னமா உட்காருது!"

நேற்றும் இன்றும் 3.10-க்கு மேல் அறையில் போய் நின்றேன். மனைவி படிக்கட்டின் அடியில் காதைத் தீட்டியபடி நின்றாள். எங்கள் இருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் மட்டும் வாசலில் நின்று விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். வெற்று ஸ்டூலைப் பார்த்து, "போதும்டா, நிறுத்து" என்று தொண்டை கட்டும் வரை சொன்னேன். அவன் நிறுத்தினானா இல்லையா என்பதை அறியக்கூட எனக்கு வழியில்லை. மாலையில் மனைவி முப்பத்தெட்டு நாள் கழித்து முதன்முதலாக வாய் திறந்தாள். "இன்னும் வாசிக்கிறானாம். எதிர்வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு வந்தேன்."

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். கெஞ்சவில்லை, கேட்கிறேன். தெருக்கோடியில் பச்சைக் கதவு போட்ட வீடு எங்களுடையது. பிற்பகலில் அந்த வழியே போகும்போது மேல்மாடியிலிருந்து பேஸ் கேட்டால், நின்று ரசிக்காதீர்கள். தாளம் போடாதீர்கள். சன்னலை அண்ணாந்து பார்த்து உரக்கச் சொல்லுங்கள்: "சரியா வந்துடுச்சு. போதும். கையை எடு."

கேட்பவர் நீங்கள். சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.