கதவைப் படுக்க வைத்துப் படித்தோம்

நான் பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்குள் நான் உட்கார்ந்து பார்க்காத இடம் கிடையாது. கட்டிலில் உட்கார்ந்தால் தூக்கம் வரும். ஹாலில் அப்பாவின் செய்திச் சேனலில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். சமையலறையில் ஸ்டூல் போட்டால் அம்மா வெங்காயத்தை என் கையில் கொடுத்துவிடுவாள். கொஞ்ச நாள் வாஷிங் மெஷின் மேல் நோட்டை வைத்து நின்றுகொண்டே கணக்குப் போட்டேன். மெஷின் துணி பிழிய ஆரம்பித்ததும், ஏற்கெனவே நெளிந்திருக்கும் இன்டெக்ரல் குறி இன்னும் நாலு நெளிவு நெளியும்.

தங்கை அப்போது பி.யு.சி., அதாவது எங்கள் ஊர் பிளஸ் டூ, படித்தாள். அவள் எந்நேரமும் போனில் மற்றவர்களின் படிப்பு மேசைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெள்ளை மேசை, மஞ்சள் சீரியல் விளக்கு, ஒரு குட்டிச் செடி.

"அக்கா, இந்த மாதிரி ஒண்ணு இருந்தா நான் டிஸ்டிங்ஷன் அடிச்சிருவேன்."

"இத பாக்குறத நிறுத்தினாலே அடிச்சிருவ."

ஒரு சனிக்கிழமை மதியம் பேக்கரிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு கதவு சாய்ந்து நின்றது. தங்கை அப்படியே நின்றுவிட்டாள். கழுத்தைச் சாய்த்து, கதவைப் படுக்கை வசத்தில் பார்த்தாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. நானும் கழுத்தைச் சாய்த்தேன்.

மேஸ்திரியிடம் கேட்டோம். "பிளைவுட் கதவும்மா, யாரும் கேக்கல. எடுத்துக்கினு போங்க" என்றார்.

தங்கைக்கு ஒரு சந்தேகம். "அண்ணா, இது பாத்ரூம் கதவு இல்லியே?"

"மெயின் டோரும்மா. பாரு, கண்ணு வெச்சிருக்கு."

உண்மைதான். நடுவில், வெளியே யார் நிற்கிறார்கள் என்று பார்க்கும் கண்ணாடிக் கண் இருந்தது. அதற்குக் கீழே கன்னடத்தில் 'நாய் இருக்கிறது, எச்சரிக்கை' என்று ஒரு தகரப் பலகை. அதோடு சேர்த்தே தூக்கினோம்.

முன்பக்கம் நான், பின்பக்கம் அவள். கதவு ஒன்றும் அப்படிக் கனமில்லை. சிரிப்புதான் கனம். சிரிக்கும்போது கையில் பலமே நிற்காது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பத்தடி போவோம், ஒருத்தி களுக்கென்பாள், கதவைக் கீழே வைப்போம். மெயின் ரோட்டைக் கடக்க, கதவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு சிக்னலில் நின்றோம். பக்கத்தில் வந்து நின்ற ஆட்டோக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கையை நீட்டிக் கதவை டக் டக் என்று தட்டினார்.

"உள்ள யாரும்மா?"

தங்கை கண்ணாடிக் கண் வழியாக எட்டிப் பார்த்து, "வீட்ல யாரும் இல்ல, அப்புறம் வாங்க" என்றாள்.

அவ்வளவுதான். ஆட்டோக்காரர் ஹேண்டில் மேல் கவிழ்ந்து சிரித்தார். பின்னால் பைக்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பச்சை விழுந்தும் எங்களால் நகர முடியவில்லை. மறுபடி பச்சை விழும் வரைக்கும் நடைபாதையில் கதவைக் கட்டிக்கொண்டு நின்று, வயிறு வலிக்கச் சிரித்தோம்.

வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் அடுத்த சங்கதி. எங்கள் வீடு முதல் மாடி. படிக்கட்டு பாதியில் திரும்பும். நாங்கள் திரும்பினோம், கதவு திரும்பவில்லை. நேராக, சாய்வாக, தலைகீழாக என்று எப்படிப் பிடித்தாலும் சுவரில் இடித்தது. சத்தம் கேட்டுக் கீழ்வீட்டிலிருந்து ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி வந்தார்.

"ஏனே இது, பாகிலா?"

"ஆமா ஆன்ட்டி, கதவுதான். ஆனா கதவு இல்ல, டேபிள்."

ஆன்ட்டி கதவையும் படிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். அவரோ புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "படியில ஆகல்ல. பால்கனி மேல எளீரி" என்றார். எளீரி என்றால் இழுங்கள்.

அம்மாவின் பழைய புடவைகள் இரண்டை முறுக்கிக் கதவின் இரு பக்கமும் கட்டினோம். தங்கையும் நானும் மேலே பால்கனியில் நின்று இழுத்தோம். ஆன்ட்டி கீழே நின்று, கிரேன் ஓட்டுபவருக்குச் சைகை காட்டுவது போல இரண்டு கையையும் ஆட்டினார். "நிதானா! நிதானா! என் ரோஜாத் தொட்டி!" அம்மா எங்கள் இருவரின் சுடிதாரையும் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, "கர்த்தரே, இதுங்களுக்குப் புத்தியக் கொடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கதவு பாதிச் சுவரில் தொங்கும்போது அப்பா வேலை முடிந்து வந்தார். நிமிர்ந்து பார்த்தார். அந்தரத்தில் ஒரு பச்சைக் கதவு, அதில் நாய் எச்சரிக்கை, மேலே சிவந்த முகத்தோடு இரண்டு மகள்கள். டிபன் பையை இறக்கி வைத்தார். ஆன்ட்டியின் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறிக் கதவைக் கீழிருந்து நெட்டினார். அது கம்பியைத் தாண்டி உள்ளே விழுந்ததும் நாங்கள் இருவரும் அதன் மேலேயே விழுந்தோம். அதன் பிறகுதான் அப்பா கேட்டார்:

"நாய் எப்ப வருது?"

எங்கள் அறையில் கதவின் ஒரு முனையை ஜன்னல் திண்டின் மேல் வைத்தோம். இன்னொரு முனைக்கு, பழுதான தையல் மெஷினைக் கழற்றிவிட்டு அதன் இரும்பு ஸ்டாண்டை வைத்தோம். உயரம் கிட்டத்தட்டச் சரியாக வந்தது. மிச்சத்துக்கு ஒரு பழைய டெலிபோன் டைரக்டரியை அடியில் கொடுத்தோம். மறுநாள் சர்ச்சுக்குப் போய் வந்ததிலிருந்து சாயங்காலம் வரை அலங்காரம்தான். கிறிஸ்துமஸ் சீரியல் விளக்கு வந்தது. ஆன்ட்டி மணி பிளான்ட்டில் ஒரு கொடி கிள்ளிக் கொடுத்தார். பூட்டு இருந்த ஓட்டையில் பேனாக்கள் நின்றன. கண்ணாடிக் கண் வழியாக மேசைக்கு அடியிலிருந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, உன் மூக்கு பூசணிக்காய் மாதிரி இருக்கு" என்று தங்கை சிரித்து உருண்டாள். அன்று ஒரு பக்கம்கூட யாரும் படிக்கவில்லை.

திங்கட்கிழமை கல்லூரியிலிருந்து வந்தால், மேசை முழுக்க ரவிக்கைத் துணி. கையில் கத்தரிக்கோலோடு அம்மா நிமிர்ந்தாள். இத்தனை வருடமாகத் தரையில் குனிந்து வெட்டியவள்.

"என்னாடி முறைக்கிற? இவ்ளோ பெருசு உங்க ரெண்டு பேருக்கு எதுக்கு? என் இடுப்புக்கு எவ்ளோ சுகமா இருக்குது தெரியுமா?"

அந்த முகத்தைப் பார்த்ததும் என் முறைப்பு போய்விட்டது. தையல் சாக்பீஸை வாங்கி மேசையில் நானே கோடு போட்டேன். ஜன்னல் பக்கம் எனக்கு, நடுவில் அம்மாவுக்கு, ஸ்டாண்டு பக்கம் தங்கைக்கு. மெஷின் போனாலும் மிதிகட்டை போகவில்லையே, தங்கை அதை மிதித்துக்கொண்டேதான் பயாலஜி மனப்பாடம் செய்வாள். பாடம் வரும்போது வேகமாக மிதிப்பாள், மறந்தால் நின்றுவிடும். அடுத்த அறையிலிருந்தே அப்பா, "என்ன, கிட்னி ஞாபகம் வரலியா?" என்பார்.

அமைதியே இல்லாத அந்த இடத்தில் எனக்கு ஏனோ படிப்பு ஏறியது. கத்தரிக்கோல் சத்தம், மிதிகட்டை சத்தம், ஜன்னலுக்கு வெளியே பஸ் ஹாரன். எதுவும் என்னைக் கூப்பிடவில்லை. அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம், பல நாளாக என்னை அழ வைத்த ஒரு கணக்கை மறுபடி எடுத்தேன். ஒரு பக்கம் போட்டேன், அடுத்த பக்கமும் போட்டேன். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினால், என் விடை அங்கே அச்சாகியிருந்தது. நான் போட்ட கூச்சலில் அம்மா ரவிக்கையின் ஒரு கையை வளைத்து வெட்டிவிட்டாள்.

கீழேயிருந்து ஆன்ட்டி கத்தினார். "ஏனாயித்து? என்ன ஆச்சு?"

"ஆன்சர் வந்துடுச்சு ஆன்ட்டி!"

"யாரு வந்தாங்க? காபி போடட்டுமா?"

"போடுங்க ஆன்ட்டி!" என்று தங்கை நாற்காலி மேல் ஏறி நின்று பதில் கத்தினாள். நான் அதற்குள் அடுத்த கணக்கை ஆரம்பித்திருந்தேன்.