கரண்ட் வைத்த இடம்

மதினி தனக்கென்று தைத்துக்கொண்ட வெள்ளைப் பருத்தி ஜாக்கெட் ஆம்பளைச் சட்டைபோல் தொளதொளவென்று இருந்தது. உடம்பைப் பிடித்தாற்போல் ஜாக்கெட் தைப்பதில் பேர்போனவர் அவர், என் அண்ணன் மனைவி. சின்னமனூரில் அவருடைய தையல் கடைக்கு உத்தமபாளையத்திலிருந்தும் ஆள் வரும். மார்பிலிருந்த கட்டியை ஆபரேஷனில் எடுத்த பிறகு அவருக்கு மதுரையில் கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கியது. எங்கள் பக்கம் அதைக் கரண்ட் வைப்பது என்பார்கள். திராட்சை அறுப்பை விட்டு அண்ணனால் வர முடியவில்லை. பஸ்ஸில் துணைக்கு நான் போனேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. வாரங்கள் போகப்போக அந்த இடம் சிவந்தது, அரித்தது, பிறகு வெயிலில் காய்ந்ததுபோல் கறுத்தது. இறுக்கமான துணி உரசக்கூடாது என்றார்கள். அதற்குத்தான் அந்த ஜாக்கெட். ஒருநாள் ஆண்டிபட்டி தாண்டியதிலிருந்து கையை உடம்பில் படவிடாமல் தூக்கியே வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் உடை மாற்றும்போது பார்த்தேன். மார்பின் அடிமடிப்பில் தோல் உரிந்து, நீர் கசிந்து, துணி ஒட்டிக்கொண்டிருந்தது. யாருக்கும் தெரியாமல் பகலில் பவுடரும் ராத்திரியில் தேங்காயெண்ணெயும் போட்டுச் சமாளித்திருக்கிறார்.

“யார்ட்டயும் சொல்லாத ஆத்தா. பாத்தாகன்னா பாதியிலயே நிப்பாட்டிருவாக” என்றார். கொஞ்சம் கழித்து, “உள்ள இருந்ததுதான் வெளிய வருதோ என்னமோ” என்றார். அவருடைய பெரிய பயம் அதுதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நான் நர்சிடம் சொல்லிவிட்டேன். மதினி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. டாக்டரம்மா வந்து நிதானமாகப் பார்த்தார். “இது நோய் இல்லம்மா. கரண்டு தோல்ல செய்யிற வேலை. ஆறிடும். சிகிச்சைய நிறுத்தப் போறதில்ல” என்றார். பவுடரும் எண்ணெயும் வேண்டாம், மென்மையான சோப்பில் கழுவி ஒற்றி எடுத்தால் போதும் என்று சொல்லி, புண்ணில் ஒட்டாத கட்டு ஒன்றைப் போட்டுவிட்டார்.

திரும்பும்போது உசிலம்பட்டி தாண்டியதும் மதினி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, “நானே கேட்டிருக்கணும்” என்றார்.

சிகிச்சை முடிந்த பிறகும் சில நாள் புண் அதிகமாகத்தான் இருந்தது. அதையும் டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். கடை பூட்டிக் கிடந்தது. பிறகு புண் காய்ந்து, வெங்காயச் சருகுபோல் உதிர்ந்து, அடியில் புதுத்தோல் வந்தது. இப்போதும் அந்த இடம் ஒரு நிறம் கூடுதலாகக் கறுத்திருக்கிறது. மற்றபடி தொந்தரவில்லை.

போன மாதம் நான் கடையில் இருந்தபோது உத்தமபாளையத்து வாடிக்கைக்காரப் பெண்ணொருத்தி வந்தாள். துணி எதுவும் கொண்டுவரவில்லை. அவளுக்கும் கரண்ட் வைக்கப் போகிறார்களாம். தோல் வெந்துவிடும் என்கிறார்களே, நிஜமா என்று மெல்லக் கேட்டாள். மதினி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். கடைத் திரையை இழுத்துவிட்டு, ஜாக்கெட் கொக்கிகளைக் கழற்றிக் கையைத் தூக்கினார்.

“நல்லாப் பாத்துக்க. இங்கனதான் புண்ணாச்சு, ஆறிருச்சு. ஒனக்கு வந்தா அன்னைக்கே சொல்லிப்புடு.”