கரையான் தின்ற கைப்பிடி

எங்கள் ஊர்க் கடைவீதிக் கோடியில் வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய ஓட்டல் ஒன்று பாழடைந்து கிடந்தது. எமர்ஜென்சி முடிந்த சமயம், ஒரு பஸ் முதலாளி அதை வாங்கிப் புதுப்பித்துத் திறந்தார். என் நிச்சயதார்த்தத்தை அங்கேதான் வைக்க வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் ஒற்றைக் காலில் நின்றார்கள்.

தட்டு மாற்றும் நேரம். என்னை அழைத்தார்கள். நான் மாடிப்படி ஏறும்போது, மேலே வராந்தாவில் மாப்பிள்ளையின் தாய்மாமன் மரக் கைப்பிடியில் சாய்ந்தார். வெளியே புதுப் பெயிண்ட். உள்ளே முழுக்கக் கரையான். கைப்பிடி மடமடவென்று முறிந்து, அவர் கீழே விழுந்தார். கட்டட வேலைக்குக் கொட்டிய மணலை அள்ளாமல் விட்டிருந்ததால் மணிக்கட்டுப் பிசகியதோடு பிழைத்தார்.

"பொண்ணு படி ஏறும்போதே இப்படி ஆயிருச்சு. இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாமுங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"மரத்துல கரையான் இருந்தா எம்புள்ள என்னங்க பண்ணுவா?" என்று கெஞ்சினார் அப்பா. மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை.

ஊரெல்லாம் என் ராசியைப் பேசியது. ஓட்டல்காரரை ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் வேறு கைப்பிடி மாட்டி, அதற்கும் பெயிண்ட் அடித்துவிட்டார்.

இப்போதெல்லாம் எங்கள் சொந்தத்தில் பெண் பார்க்க வரும் மாப்பிள்ளைகளிடம் இதைச் சொல்லி, "நீங்க அங்க இருந்திருந்தா என்னங்க சொல்லியிருப்பீங்க?" என்று கேட்கிறேன். போன மாதம் என் தங்கை மகளைப் பார்க்க வந்தவர் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"காப்பி குடிச்சுட்டுக் கெளம்புங்க" என்றேன்.