அக்காவின் எண்ணில் முப்பத்தெட்டுப் பேர்

நாடு சுற்ற நான் ஊரைவிட்டுக் கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழியனுப்ப அக்காவுக்கு நேரமில்லை. செயற்கைக் கால் பொருத்தும் மருத்துவமனையில் கணினிப் பிரிவு அவள் பொறுப்பு. பழைய சர்வரில் இருந்த விவரங்களைப் புதியதற்கு மாற்ற விடுமுறை நாள்தான் தோது. அதனால் பையைத் தூக்கிக்கொண்டு நானே அங்கே போனேன்.

ஜன்னலில்லாத அறை. ஏசிக் குளிருக்குக் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். காத்திருப்போர் பட்டியலில் பழைய சர்வரில் 2,114 பேர், புதியதில் 2,076.

"முப்பத்தெட்டு உதைக்குது."

போன் எண் இல்லாதவர்களைப் புது சர்வர் ஏற்கவில்லை. அதை நிறுவ வந்த பொறியாளர் கொட்டாவி விட்டார். "விடுங்க மேடம், அவங்க வந்து மறுபடி பதிஞ்சுக்கட்டும்."

"பதிஞ்சா வரிசையில கடைசிக்குப் போயிடுவாங்க சார். நெஜமாவே ஒத்தக் கால்ல நிக்கறவங்க."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு முப்பத்தெட்டுக் கட்டங்களிலும் தன் எண்ணையே நிரப்பினாள். இப்போது இரண்டு பக்கமும் 2,114.

"முறை வந்தா மெசேஜ் எல்லாம் உனக்குத்தானே வரும்? வேலியில போற ஓணானை மடியில விட்டுக்கறியேக்கா."

"விலாசம் இருக்கில்ல, போய்ச் சொல்லிக்கறேன். மாசத்துக்கொரு நம்பர் மாத்தறவ நீ பேசாதடி."

போய்ச் சொல்லவும் செய்தாள். செய்தி வந்த வாரமே ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவாள். நான் எந்த ஊரிலிருந்து பேசினாலும் "இன்னும் பதினாறு", "இன்னும் ஒன்பது" என்பாள். ஒருவர் இறந்திருந்தார், அவர் மனைவியோடு அரைநாள் உட்கார்ந்துவிட்டு வந்தாளாம்.

மூன்று வருடம் கழித்து நான் திரும்பியபோது ஒருவர்தான் பாக்கி, ஒரு தையல்காரம்மா. அவருடைய முறை வந்திருந்தது. முப்பது நாளுக்குள் வராவிட்டால் கால் அடுத்தவருக்குப் போய்விடும். அவர் இருந்த கட்டடத்தையோ இடித்துவிட்டிருந்தார்கள்.

"நாடு நாடாச் சுத்தினியே, ஒரு தையல்காரம்மாவக் கண்டுபிடிக்க மாட்ட?"

நூல் கடை, பட்டன் கடை என்று ஒவ்வொன்றாக விசாரித்தோம். இருபத்தாறாம் நாள், பை தைக்கும் கூடமொன்றில், தையல் மெஷினை மிதிக்க முடியாமல் அதன் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார் அவர். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார்.

"என் பேருக்கு நேரா உங்க நம்பரா?"

பல மாதங்களுக்குப் பிறகு, தெரியாத எண்ணிலிருந்து அக்காவுக்கு ஒரு செய்தி வந்தது.

"தையக்காரி பேசறேன். இப்ப மிசினை மிதிக்கறேன். இது என் சொந்த போன். உங்க நம்பரை எடுத்துட்டு இதைப் போடுங்க."