துளை இருந்த பக்கம்

என் அக்காவின் கணவரை ஊரில் 'அவர்' என்பேன். வேலை பார்க்கிற சைட்டில் மனசுக்குள் 'அவன்'தான். இது சைட்டில் நடந்த கதை என்பதால் அவன் என்றே எழுதுகிறேன். எனக்கு விசா எடுத்துத் தோஹாவுக்குக் கூப்பிட்டவன் அவன். தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் இருந்தோம். அவன் ஃபோர்மேன், நான் பிளம்பர். நஜ்மா பகுதியில் ஒரே ரூம், அடுக்குக் கட்டிலில் மேலே அவன், கீழே நான்.

எங்களுடையது பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். என் அக்கா அவன் வீட்டில், அவன் தங்கை என் வீட்டில். ஒரே பந்தலில் இரண்டு தாலியும் கட்டி ஒரே பந்தியில் சாப்பாடு போட்டார்கள். இப்படிச் செய்தால் பெண்களுக்குப் பாதுகாப்பு என்று பெரியவர்கள் சொன்னார்கள். இங்கே ஒருவன் கை ஓங்கினால் அங்கே இன்னொருத்தி மேல் விழும் என்ற பயத்தில் இரண்டு பேருமே அடங்கி இருப்போமாம். பெரியவர்களுக்கு எங்களைப் பற்றி ரொம்ப நல்ல எண்ணம்.

அந்த வேலை ஒரு வில்லாவில். வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று வாடகைக்கு வருகிறது, அவர்களுக்கு ஷவர் கூண்டு ஆகாது, படுத்துக் குளிக்கிற தொட்டி வேண்டும். நாலு நாளில் முடியணும் என்று வீட்டுக்கார அரபி சொல்லிவிட்டான். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஷவரில் தண்ணீர் நடுவில் இறங்கும், தொட்டியில் ஒரு முனையில் இறங்கும். மாடியாக இருந்தால் பைப்பைக் கீழ்வீட்டுக் கூரைக்கடியில் இழுத்து விடலாம். இது தரைத்தளம், மண்மேல் நேராகப் போட்ட கான்கிரீட். அதைப் பிளந்து பைப்பைப் புதைத்து, தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்து, மறுபடி மூட வேண்டும்.

உடைக்கிற வேலை எனக்குப் பிடிக்கும், பொய் சொல்வானேன். முதல் நாள் கண்ணாடிக் கூண்டைக் கழற்றிவிட்டு, ஷவர் தட்டைச் சம்மட்டியால் நாலே அடியில் நொறுக்கினேன். பிறகு பிரேக்கர் மிஷினை எடுத்தேன். பல் ஆடும், கண்ணுக்குள் சிமெண்ட் போகும், காது இரண்டு மணி நேரத்துக்குக் கேட்காது. மச்சானை நினைத்துக்கொண்டே அழுத்தினால் வேலை சீக்கிரம் முடியும்.

எந்த முனையில் உடைப்பது என்பதில்தான் தகராறு. தொட்டி இன்னும் கடையிலிருந்து வரவில்லை.

"தொட்டி வரட்டும் மச்சான். துளை எந்தப் பக்கம்னு கண்ணால பாத்துட்டு உடைப்போம்" என்றேன்.

"கடையில நான் பாத்தேன்டா. ஜன்னல் பக்கம். நீ எஞ்சினியரா? உடை."

உடைத்தேன். பைப் போட்டு, கான்கிரீட்டும் போட்டு மூடினேன். மறுநாள் நாலு பேர் அந்த இரும்புத் தொட்டியைத் தூக்கிவந்து இறக்கினார்கள். துளை கதவுப் பக்கம் இருந்தது. கடையில் தொட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள், முனை மாறித் தெரிந்திருக்கிறது, இவன் அதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். திருப்பிப் போடவும் வழியில்லை, வெளியே தெரிகிற ஒரு நீளப் பக்கத்துக்குத்தான் முகப்பு வைத்திருந்தது, மறுபக்கம் சுவரோடு ஒட்ட வேண்டியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது என் தப்புதான்.

அதே நேரத்தில் அரபி வந்து நின்றான். பார்த்தான். நெற்றியில் விரலால் தட்டிக்கொண்டு, "முக் மாஃபி! முக் மாஃபி!" என்று கத்தினான். மூளையே இல்லை என்று திட்டு. மச்சான் முகம் வெளுத்துவிட்டது. திரும்பினான், என் இடது கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டான். நான் சுதாரிப்பதற்குள் இன்னொன்று.

"நூறு தடவ சொன்னேன்டா நாயே, கதவுப் பக்கம்னு!"

அரபி, டைல்ஸ் ஒட்ட வந்திருந்த பாகிஸ்தானி பாய், தொட்டி தூக்கின நாலு பேர், எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாய்க்குள் ரத்தம் உப்பாக இருந்தது. என் கை சம்மட்டியை எடுத்ததை நான் பார்த்தேன், எடுக்கச் சொன்ன ஞாபகம் இல்லை. அவன் தலையைத்தான் குறி வைத்தேன். காதுக்கு மேலே, அந்த நரைத்த இடத்தில். பாய் என் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, "நஹி பாய், நஹி" என்றான்.

மச்சான் ஓடவில்லை. தலையை முன்னால் நீட்டினான்.

"அடிடா. அடிச்சிட்டு ஒங்க அக்காவ நாளைக்கே வந்து கூட்டிட்டுப் போயிரு."

அக்காவுக்கு அப்போது மூன்று குழந்தைகள். அவள் எங்கே போவாள்? எங்கள் வீட்டில் படுக்கவே இடம் கிடையாது. பாயை உதறிவிட்டுச் சம்மட்டியைத் தரையில் இறக்கினேன். இன்னும் ஈரம் காயாத முந்தின நாள் கான்கிரீட்டைச் சிதைத்தேன். கதவுப் பக்கம் போய், கோடு போடாமல், அளவு பார்க்காமல், பழைய தளத்தை அடித்தேன். மிஷின் தேவைப்படவில்லை. ஏழாவதோ எட்டாவதோ அடியில் சுவரோரம் புதைந்திருந்த வெந்நீர்ப் பைப் வெடித்தது. கொதிக்கிற தண்ணீர் என் வலது காலில் முழங்காலிலிருந்து கீழே பீய்ச்சியது. அலறிக்கொண்டு விழுந்தேன். விழுந்தவன் விலாவில் மச்சான் ஒரு உதை விட்டான். பிறகுதான் வால்வை மூட ஓடினான்.

அந்தக் காலோடு இரண்டு நாள் வேலை பார்த்தேன். கொப்புளம் பேன்ட்டில் ஒட்டிக்கொண்டது. தொட்டியை நிறைத்துத் திறந்துவிட்டபோது தண்ணீர் ஒரு சொட்டு நிற்காமல் இறங்கியது. அரபி மச்சானுக்குக் கை கொடுத்தான். கீழ்க்கட்டிலில் படுத்துக்கொண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: அக்காவுக்காகப் பொறுத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மூன்று மாதம் கழித்து லீவில் போனேன். போய் நாலாம் நாள் காலையில் என் மனைவி இட்லி வைத்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க அண்ணன் ஒங்கள அங்க நல்லாப் பாத்துக்குதா?"

சிரித்த முகமாகத்தான் கேட்டாள். சிரிக்கும்போது அவள் அண்ணன் ஜாடை இருக்கும். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து அறைந்தேன். இடது கன்னத்தில்தான்.

"ஒங்க அண்ணன் எனக்குக் குடுத்ததுடி இது. வாங்கிக்க."

சுவரில் தலை மோதிக் கீழே உட்கார்ந்தாள். தோடு குத்திக் காது மடலில் ரத்தம் வந்தது. கத்துவாள், ஊரைக் கூட்டுவாள் என்று பார்த்தேன். அவள் முந்தானையால் காதை அழுத்திக்கொண்டு தரையையே பார்த்திருந்தாள். பிறகு, "இத அண்ணன்ட்டச் சொல்ல மாட்டேன். சொன்னா அண்ணன் அடுத்த லீவுல வரும்போது அது மதினி மேலதான் விழும்" என்றாள். மதினி என்றது என் அக்காவை.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இட்லியை எடுத்து நாய்க்குப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டேன். மீதி லீவு முழுக்க அவளும் நானும் தேவைக்கு மட்டும் பேசினோம்.

கிளம்புகிற அன்று அண்ணனுக்கு ஒரு கடிதம் கொடுத்தாள். ஊர் போய்த் திரும்புகிறவன் கையில் ரூமில் உள்ளவர்களுக்குக் கடிதம் கொடுத்துவிடுவது அன்றைக்கு வழக்கம். ஒட்டியிருந்தது. விமானத்தில் அதைப் பிரித்தேன். உண்மையை எழுதியிருந்தால் கிழித்துப்போடுவது என்ற முடிவோடுதான் பிரித்தேன். எல்லாரும் நலம் என்று இருந்தது. கீழே, "அங்கே நடந்ததை அவங்க சொன்னாங்க அண்ணே. எனக்கு வருத்தம்தான். ஆனா அந்தக் கோபத்தை அவங்க என்மேல காட்டலை. நீயும் மதினியிடம் காட்டாதே" என்று எழுதியிருந்தாள். எச்சில் தொட்டு மறுபடி ஒட்டினேன்.

ரூமில் மச்சான் அதைக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து படித்தான். இரண்டாம் தடவையும் படித்தான். இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. அவன் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"அன்னைக்கு ஒன்ன அடிச்சிருக்கக் கூடாதுடா. தப்பு என் பேர்லதான்" என்றான். "ஊருக்குப் போய் என் தங்கச்சிட்ட அம்புட்டையும் சொல்லியும் அவ மேல நீ கை வைக்கலயாடா?"

வைக்கவில்லை என்று தலையாட்டினேன்.